காசிமுக்கு ஒரு வீடு

– ஒருக்கா இருங்கோவன். அந்த யன்னலுக்கும் இந்தக் கதிரைக்கும் நடந்து நடந்து, பாக்கிற எனக்குத் தலை சுத்துது. டீச்சர் வந்து அரை மணித்தியாலம். அவவும் உங்களைப் பாத்து நிண்டுகொண்டே நிக்கிறா.

– இருக்கச் சொன்னனான் கிறேஸ். அவதான் நிக்கிறா. நீர் போய்த் தேத்தண்ணியைப் பாரும். டீச்சர், நான் சொன்னது விளங்குதோ? நாவல் நல்லா இருக்கு. நான் பொய்க்குச் சொல்லேல்ல. பதினொராம் அத்தியாயம் மட்டும் ஏலாது. அதை வெட்டுங்கோ, இப்பவே சம்மதக் கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்.

– அத வெட்டினா நாவலே இல்ல சேர்.

– இருபத்திரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறீங்கள். ஒண்டு போனா என்ன?

– மத்த இருபத்தொண்டும் அதுக்காக எழுதினது.

– டீச்சர், கேளுங்கோ. 'சுறாமுகன்' என்ர படக்கதை. ஐஞ்சு வருஷம், வெள்ளிக்கு வெள்ளி, கொழும்புப் பேப்பரில வந்தது. பருத்தித்துறையில இருந்து மட்டக்களப்பு மட்டும் பெடியள் துவாயை முகத்தில கட்டிக்கொண்டு கடலுக்குள்ள குதிச்சவங்கள். அப்பிடிப்பட்டவன் உங்கட நாவலில என்ன செய்யிறான்? கள்ளன் காசிமின்ர வள்ளத்தில களவாப் பொட்டலத்தை வைக்கிறான். வைச்சுப்போட்டுத் தானே போய் ஆளைப் பிடிக்கிறான். சுறாமுகன் பொய் சொல்லமாட்டான். முதல் படத்தில இருந்து கடைசிப் படம் வரைக்கும் அவன் ஒரு பொய் சொன்னதில்ல. விளங்குதோ?

– ஏன் வைக்கிறான் எண்டும் எழுதிரிக்கன் சேர். பகலில அவன் சுங்கக் கந்தோரில கண்ணாடி போட்ட கிளாக்கர். ஒரு மனிசரும் அவன ஏறெடுத்துப் பாக்கிறதில்ல. முகமூடியப் போட்டாத்தான் அவன் ஒரு ஆள். காசிம் களவெடுக்காத கிழமையில அவன் என்ன செய்யிற? சும்மா பாலத்துக்குக் கீழ தண்ணிக்குள்ள இரிக்கிறதா?

– இதெல்லாம் நான் கீறேல்ல.

– நீங்க கீறாம விட்டதத்தானே சேர் நான் எழுதின. நீங்க கப்பல் காசிமக் கீறினீங்க. ஒரு கண்ணில பூ, கன்னத்தில ஒரு வெட்டு, ஊர் அதிருற சிரிப்பு. மூண்டு தரம் செத்தான், மூண்டு தரமும் திரும்பி வந்தான். ஆனா அவன் எங்க சாப்பிடுறான், எங்க படுக்கிறான், அவனுக்குப் பிள்ள குட்டி இரிக்கா இல்லையா, அது ஒரு கட்டத்திலயும் இல்ல.

– பேப்பர்க்காரன் தந்தது ஒரு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஆறு கட்டம். ஆறாவது கட்டத்தில ஆரையாவது கடலுக்குள்ள தள்ளி, மிச்சம் அடுத்த வெள்ளி எண்டு எழுதவேணும். அதுக்குள்ள காசிமுக்கு வீடு கட்ட எனக்கு இடம் எங்க?

– அதுதான் நான் கட்டிக் குடுத்தன் சேர். அவ்வளவுதான்.

– இந்தாங்கோ, தேத்தண்ணி. மகள், நீங்களாவது இந்தக் கதிரையில இருங்கோ. இவர் இண்டைக்கு இருக்கமாட்டார். காலமையில இருந்து இப்பிடித்தான், ஆறேழு சிகரெட் முடிஞ்சுது. உங்களுக்கு எத்தனை மணிக்கு பஸ்?

– நாலரைக்கு அன்ரி. அத விட்டா கிண்ணியாத் துறையில கடைசிப் பாதைப் படகும் போயிரும். மறுகா தண்ணியக் கடக்க வழியில்ல. அதுக்கு முந்தி நான் குலசிங்கத்தார்ட அச்சுக்கூடத்துக்கும் போகணும். படம் கீறினவர்ட கையெழுத்து இல்லாம ஒரு எழுத்தும் கோக்கமாட்டன் எண்டு சொல்லிட்டார். நாளையில இருந்து மிஷின் முழுக்கத் தேர்தல் நோட்டீசுக்கு. இண்டைக்கு இல்லாட்டி இந்த வருஷம் இல்ல.

– அந்தாள் அப்பிடித்தான், சொன்னாச் சொன்னது. நானும் வாசிச்சனான் மகள், உங்கட நாவலை. காசிம் மகளுக்குச் சீப்பால தலை இழுத்து விடுற இடத்தில கண்ணால தண்ணி வந்திட்டுது. ஒரு வில்லனுக்காக நான் அழுவன் எண்டு நினைக்கேல்ல.

– கிறேஸ், நீர் இதுக்குள்ள வராதையும்.

– நான் என்ன சொன்னனான்? வாசிச்சனான் எண்டுதானே.

– டீச்சர், நேராக் கேக்கிறன். சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. இந்தப் பொட்டலக் கதையை ஆர் உங்களுக்குச் சொன்னது?

– ஒருத்தரும் சொல்லேல்ல சேர். கற்பனை.

– கற்பனையோ? வள்ளத்துக்குள்ள கஞ்சா வைக்கலாம், இந்தியாப் புடவை வைக்கலாம். கதை எழுதுற எவரும் அதைத்தான் வைப்பினம். நீங்கள் வைச்சது என்ன? நேவிக்காரன்ர கன்வஸ் துணி ரெண்டு சுருள். ஒரு பித்தளை லாம்பு. இது எப்பிடிக் கற்பனையில வரும்? ஆரோ சொல்லியிருக்கினம். நேவி டொக்யாட்டு வரைபடக் கந்தோரில என்னோட வேலை செய்த ஆரும் கிண்ணியாப் பக்கம் இருக்கினமோ?

– அது மட்டும் கற்பனை இல்ல சேர். அது எங்கட வாப்பாட வள்ளத்தில பொலிஸ் எடுத்த சாமான்.

– என்ன சொன்னீங்கள்?

– என்ட வாப்பா அப்துல் மஜீத். உள்துறைமுகத்தில வள்ளம் ஓட்டினவர். இடது கண்ணில பூ. அம்பத்து மூண்டில நீங்க அவர ஜெட்டியில கல்லில இருத்தி வைச்சுக் கீறினயள். ஞாபகம் இல்லையா?

– மஜீத்தின்ர மகளோ நீங்கள்! பிரதியில 'கிண்ணியா நிஸா' எண்டுதானே கிடந்தது?

– அது நான் எழுதுற பேர். நான் மறைக்கேல்ல சேர். நீங்களும் கேக்கேல்ல.

– இயேசுவே. மகள், அப்ப அந்தச் சின்னப்பிள்ளை நீங்களோ? மத்திய சந்தையில உம்மாவுக்குப் பக்கத்தில, தயிர்ச் சட்டியளுக்குப் பின்னால இருந்து பேப்பர் வாசிச்சுக்கொண்டு…

– ஓம் அன்ரி. நாந்தான். நீங்க எங்கள்ட்டத் தயிர் வாங்கினதா?

– வாங்கேல்ல. கண்டிருக்கிறன்.

– மஜீத் இப்ப எப்பிடி? இருக்கிறாரோ?

– இரிக்கார் சேர். எட்டு மாசம் மறியலில, கம்பிக்குப் பின்னால இருந்து வர, வள்ளமும் இல்ல, ஜெட்டிக்குள்ள போக பாசும் இல்ல. தம்பலகாமத்தில ட்ரக்டர்க்காரங்களோட கூலிக்குப் போனார், பதினைஞ்சு வருஷம். இப்ப மத்தக் கண்ணும் மங்கல். வீட்டோடதான்.

– என்னைப் பற்றி என்ன சொல்லுறவர்?

– நல்ல கீறுகாரன் எண்டு சொல்லுவார். 'மூக்கு அச்சு அசல் நானேதான், கண்ணத்தான் கொஞ்சம் கூட்டிப்போட்டார்' எண்டு.

– பகிடி விடாதையுங்கோ டீச்சர்.

– பகிடி இல்ல சேர். நீங்க கீறின கிழமை வாப்பா ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். 'டொக்யாட்டு ஐயா என்னக் கீறிட்டார், பேப்பரில வரப்போறன்.' வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வாற ஆக்கள எல்லாம் எங்கட வாசலில கூட்டி வைச்சு, மாமாவ வாசிக்கச் சொன்னார். வீரன் தான்தான் எண்டு நினைச்சிட்டார். மாமா வாசிக்க வாசிக்க எல்லாரும் சிரிச்சாங்க. வாப்பாவும் சேந்து சிரிச்சார். வேற என்ன செய்யிற? அண்டையில இருந்து ஊரில அவர் மஜீத் இல்ல, கப்பல் காசிம். பாதைப் படகில டிக்கட் குடுக்கிறவர் இண்டைக்குக் காலமையும் என்னக் கேட்டார், 'காசிமிட மகள், டவுனுக்கா?' எண்டு.

– நான் வேணுமெண்டு செய்யேல்ல டீச்சர். எனக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. எத்தினையோ முகம் கீறிப் பாத்தன், எல்லாம் வெறும் முகம். அந்தாளை ஜெட்டியில கண்டதும் கை தானாப் போச்சு. ஒரு மனிசனைக் கெடுக்கவேணும் எண்டு நினைச்சுக் கீறேல்ல. அந்த யன்னலை ஆர் பூட்டினது? இதுக்குள்ள காத்தே இல்ல.

– நீங்கள்தான் இப்பப் பூட்டினீங்கள். திறந்து விடுறன், இருங்கோ.

– சேர், படத்துக்காக எனக்குக் கோவம் இல்ல. உண்மையச் சொன்னா நான் சுறாமுகன்ட கட்சி. ஒன்பது வயசில எனக்கு அவனப் போல ஒருத்தரும் இல்ல. படத்தில காசிம் தப்பி ஓடுற கிழமையில எனக்குச் சோறு இறங்காது. வாப்பா வீட்டுக்கு வந்தா நான் அவர்ட மடியப் பாப்பன், கத்தி இரிக்கா எண்டு. பொலிஸ் வந்தண்டு உம்மா தலையில அடிச்சு அழுறா. நான் அழேல்ல. பொலிசுக்குப் பின்னால எட்டி எட்டிப் பாத்தனான், சுறாமுகன் எங்க எண்டு. அவன்தான் புடிச்சுக் குடுத்திரிப்பான், இப்ப வருவான் எண்டு.

– நாவலில அந்தப் பிள்ளை குழறி அழுதுகொண்டு ஜீப்புக்குப் பின்னால ஓடுதே மகள்?

– நாவலில அழவைச்சன் அன்ரி. அப்பிடி அழுதிருந்தா நல்லாயிருக்கும் எண்டு இருபது வருஷமா நினைச்சு நினைச்சுத்தான் நாவலே எழுதின.

– வழக்கில என்ன நடந்தது? நான்… எனக்கு முழு விபரம் தெரியாது.

– வெள்ளக்காரன் நேவி தளத்தக் குடுத்துட்டுப் போற நேரம் சேர், அம்பத்தேழில. வாப்பா ஒரு ஒபிசர இடைக்கிடை மீன் பிடிக்கக் கூட்டிப் போறவர். கப்பலேறுற கிழமை அவன் இந்தத் துணியையும் லாம்பையும் 'மஜீத், எடுத்துக்கொண்டு போ' எண்டு குடுத்தது. வள்ளத்துக்குப் பாய் தைக்கலாம் எண்டு வாப்பாவுக்குச் சந்தோசம். துண்டுக் கடதாசி ஒண்டும் எழுதி வாங்கேல்ல. ஆரோ பேர் போடாமப் பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கு. கோட்டில வாப்பா அந்த ஒபிசர்ட பேரச் சொன்னார். கப்பல் ஏடன் தாண்டிட்டு. சாட்சிக்கு ஆள் இல்ல. களவுச் சாமான் எண்டு தீர்ப்பு.

– பெட்டிசம் எண்டு உங்கட நாவலில ஒரு இடத்திலயும் இல்லையே?

– இல்ல சேர். எழுதிப் பாத்தன், சரிவரேல்ல. பேர் இல்ல, முகம் இல்ல, ஒரு கடதாசி தபாலில வருது. அத வைச்சு என்ன எழுதுற? வாசிக்கிற ஆளுக்கு ஒரு கை தெரியணும். அதால பொட்டலத்தச் சுறாமுகன்ட கையில குடுத்தன். அல்லாட ஆணை, ஒருத்தரயும் மனசில வைச்சு எழுதேல்ல.

– ஒருத்தரையும் மனசில வைக்கேல்ல?

– இல்ல சேர். ஆரெண்டு தெரியாதே. தெரிஞ்சா நேரா அவங்கட பேரயே போட்டிருப்பன்.

– அப்பாடா, இருந்திட்டீங்களே! மகள், பாத்தீங்களோ, காலமையில இருந்து இப்பத்தான் இந்த மனிசன் கதிரையில இருக்கிறார்.

– கிறேஸ், அந்தப் பேனையை எடும். கடிதத்தைத் தாங்கோ டீச்சர்.

– பதினொராம் அத்தியாயம்?

– இருக்கட்டும். உங்கட நாவல். எங்க வைக்கவேணும்? இதிலயோ? 'எனது சுறாமுகன் படக்கதையின் பாத்திரங்களைக் கையாள…' ஓம். ஓம். திகதியும் போடுறன். இந்தாங்கோ. நாலு மணியாகப்போகுது, வெளிக்கிடுங்கோ. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில கவனமா இறங்குங்கோ, மழைத் தண்ணி நிக்குது.

– சேர், எனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. வாப்பா கேட்டாச் சந்தோசப்படுவார். வாறன் சேர். வாறன் அன்ரி.

– நில்லுங்கோ.

– சேர்?

– கொஞ்சம் நில்லுங்கோ டீச்சர். நீங்கள் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு போனா, நான் இந்த வீட்டுக்குள்ள இருக்க ஏலாது. ஒண்டு சொல்லவேணும். அந்தப் பெட்டிசம் மாதிரி ஒரு பெட்டிசம் நான் எழுதினனான்.

– நீங்களா?

– ஓம். அந்தத் துணியை அவர் வள்ளத்தில ஏத்தினதை நான் வரைபடக் கந்தோர் யன்னலால கண்டனான். வேற ஒருத்தர் ஏத்தியிருந்தா, ஆரோ குடுத்திருக்கினம் எண்டு நினைச்சிருப்பன். நாலு வருஷம் வெள்ளிக்கு வெள்ளி அந்த முகத்தைக் கள்ளன் கள்ளன் எண்டு கீறினவன் நான். அண்டைக்கு நான் கண்டது மஜீத்தை இல்ல, காசிமை. கீறினது நான்தான் எண்டதே மறந்துபோச்சு. வீட்டை வந்து, இந்த மேசையில இருந்து, பொலிஸ் பெரியவருக்கு எண்டு எழுதினன். பேர் வைக்கேல்ல. உறையில போட்டு ஒட்டினன்.

– சேர்…

– பொறுங்கோ, முழுக்கக் கேளுங்கோ. எழுதினனான். அனுப்பேல்ல. சத்தியமா அனுப்பேல்ல. ரெண்டு நாள் அது மேசையில கிடந்தது. ஒவ்வொரு தரமும் கையில எடுப்பன், வைப்பன். மஜீத்துக்கும் பிள்ளை குட்டி இருக்குமே எண்டு ஒரு நினைவு. மூண்டாம் நாள் பாத்தா மேசையில இல்ல. கிறேசைக் கேட்டன். குப்பையெண்டு நினைச்சு அடுப்பில போட்டிட்டன் எண்டா. அப்ப எனக்கு வந்த ஆறுதல், சொல்ல ஏலாது. அடுத்த கிழமை மஜீத்தைப் பிடிச்சிட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டன். வேற ஆரோ போட்டிருக்கினம். ஆனா நான் மனசில நினைச்சது அப்பிடியே நடந்துபோச்சு எல்லே? எனக்குப் பேனையைத் தொடப் பயமாப் போச்சு. காசிமைக் கப்பலோட ஒரேயடியாத் தாட்டன். ரெண்டு மாசத்தில சுறாமுகனையும் விட்டன். பேப்பர்க்காரர் எத்தினை தந்தி அடிச்சவை.

– அப்ப உங்கட பெட்டிசம் போகேல்ல.

– போகேல்ல. அதுதான் சொல்லுறன். உங்கட பதினொராம் அத்தியாயத்தை வாசிச்சதும், என்ர நெஞ்சுக்குள்ள இருந்ததை ஆரோ உங்களுக்குச் சொல்லிப்போட்டினம் எண்டு விசர் பிடிச்ச மாதிரிப் போச்சு. நான் நினைச்ச குற்றம் என்ர. செய்த குற்றம் என்ர இல்ல. நம்பாட்டி கிறேசைக் கேளுங்கோ. கிறேஸ், இஞ்ச வாரும். ஏன் அங்க குசினி வாசலில நிக்கிறீர்? டீச்சருக்குச் சொல்லும், அந்தக் கடிதத்தை அடுப்பில போட்டதை.

– போடேல்ல.

– என்ன?

– அடுப்பில போடேல்ல. நீங்கள் கேட்ட உடன வாயில வந்ததைச் சொன்னனான். உங்கட முகம் அப்பிடியே தெளிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு சொல்ல ஏலாமப் போச்சு.

– கிறேஸ், நீர் என்ன கதைக்கிறீர்? அப்ப அது எங்க போனது?

– சத்தம் போடாதையுங்கோ. மகள், இஞ்ச பாருங்கோ, நீங்கள் என்னைப் பாருங்கோ. பேப்பர்க்காரருக்கு முந்திச் சுறாமுகனை வாசிக்கிறது நான். மை காய முந்தி வாசிப்பன். நீங்கள் சோறு இறங்காமக் காத்திருந்த மாதிரி நானும் காத்திருந்தனான், அந்தக் காசிமை எப்ப பிடிப்பினம் எண்டு. உங்களுக்கு ஒன்பது வயசு. எனக்கு இருபத்தெட்டு. கேத்தில் ஆவியில உறையைத் திறந்து வாசிச்சனான். இவர் துணிஞ்சு போடமாட்டார் எண்டு தெரியும். என்ர மனிசன் கீறினது பொய்யா இருக்காது எண்டு நம்பினனான். பிறகு சந்தையில உங்களையும் உம்மாவையும் கண்டன். கிட்ட வந்து வந்து திரும்பிப் போனன். ஒரு சட்டி தயிர் வாங்கக்கூட எனக்குக் கை நீளேல்ல.

– அன்ரி…

– அந்த அத்தியாயத்தை வெட்டாதையுங்கோ மகள், திருத்துங்கோ. சுறாமுகனுக்கு ஒரு பெண்சாதி இருந்தவள், ஒரு கட்டத்திலயும் அவளை ஒருத்தரும் கீறேல்ல, கடிதத்தைக் கொண்டுபோய்த் தபால்பெட்டிக்குள்ள போட்டது அவள் எண்டு எழுதுங்கோ. பேரையும் போடுங்கோ.